உழைத்த மண் யாருக்கு உரியது?

பிழைப்பு நாடிக் கடல் கடந்தவனுக்கு, அவன் பண்படுத்திய மண்ணில் உரிமை உண்டா? இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்றோர், காடழித்துக் காப்பியும் பின்னர்த் தேயிலையும் வளர்த்தனர். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தொகை முடிவான பின்னரே, எந்நாடு வேண்டுமென அவர்களிடம் விண்ணப்பம் கேட்கப்பட்டது. 1977, 1983ஆம் ஆண்டுக் கலவரங்களும் அவர்களை விட்டுவைக்கவில்லை.

ஐதராபாத்தில் வாழும் தமிழராகிய நாமும் பிழைப்பு நாடி வந்தவர்களே. 1969இல் தெலங்கானாக் கிளர்ச்சியின்போது, வெளியிலிருந்து வந்தோர் யார் என்னும் வினா இங்கும் எழுந்தது. மண்ணின் மைந்தர் தமக்கு வேலை கேட்பது நியாயமே. ஆயினும், எங்கும் வாழலாம் என்னும் அரசியல் சட்டத்தின் காப்பு நமக்கு இருந்தது. தேயிலை கிள்ளியவளுக்கு இல்லை. இவ்வேறுபாடு நம் தகுதியால் விளைந்ததன்று.

வந்தவன் அம்மண்ணின் மொழியையும் மக்களையும் மதிக்கக் கடமைப்பட்டவன். அக்கடமையை ஆற்றித் தலைமுறை தலைமுறையாய் உழைத்தவனை அயலான் என்பது, கூலி மறுப்பதினும் கொடிது. 2003இல் இலங்கை நாடாளுமன்றம், எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் இயற்றியது. அதற்குள் கணக்குப்படி கப்பலேறியவர்க்கு அந்நீதி பயன்படவில்லை. மக்களைப் பங்கிடுமுன் அம்மக்களைக் கேட்பதன்றோ அறம்?