முழங்காலும் ஈசுவர சித்தமும்

முழங்கால் நார் அறுபட்ட ஒருவர், ஈசன் விதித்ததை மனிதன் கத்தி கொண்டு மாற்றலாகுமோ என்று கேட்பாரானால், அதைப் பேதைமையென்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. அக்கேள்வியினுள்ளே பயத்தோடு பக்தியும் கலந்திருக்கிறது. ஆயினும் சரீரமே அதற்கு விடை தருகிறது. மூட்டின் உட்பக்கத்தைத் தாங்கும் நார், இரத்த ஓட்டம் நன்கிருப்பதால், கட்டும் ஓய்வும் கிடைத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே கூடிவிடுகிறது. மூட்டின் நடுவே குறுக்காகச் செல்லும் முன்புற நாரோ, அறுந்த இடத்தில் இரத்தம் உறைந்து நிற்க மூட்டுநீர் விடாமையால், முற்றும் அறுந்தபின் எளிதில் கூடுவதில்லை. பயிற்சியினாலேயே நிலைபெறுவோரும் உண்டு; அல்லாதார்க்கு வைத்தியர் தொடையின் பின்புறத்துத் தசைநாண் ஒன்றை எடுத்து அங்கே பதிக்க, அதனைச் சரீரம் மெல்ல மெல்லத் தன் நாராக ஆக்கிக்கொள்கிறது; ஓடியாட ஏறக்குறைய 9 மாதங்களாகும். இயற்கையை இயற்றியவனே புத்தியையும் அளித்தான் என்று நம்புகிறவர், ஒன்றை அருளென்றும் மற்றதை மீறலென்றும் எங்ஙனம் பிரிப்பார்?

சிகிச்சை நாட்களில் வழிபாடு தடைப்படுமோ என்ற கவலையும் வேண்டா; நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாமென்று இஸ்லாமும் இடந்தருகிறது. ஆகவே, அன்பரே, முழங்கால் மடங்காத நாட்களில் நாற்காலியில் அமர்ந்தே வழிபடுங்கள். வைத்தியர் விதித்த பயிற்சியை மட்டும் இடையில் விட்டுவிடாதீர்கள்.