தாங்கிக் கொள்வதா, சொல்லிவிடுவதா?

வேதாந்தம் பயில விரும்புபவன் பெற வேண்டிய ஆறு செல்வங்களில் ஒன்று திதிக்ஷை. குளிர், வெப்பம், இன்பம், துன்பம் ஆகியவற்றைப் பொறுத்துக் கொள்ளும் ஆற்றல் என்று இதற்குப் பொதுவாகப் பொருள் கூறுவர். விவேகசூடாமணி இன்னும் ஒரு படி மேலே சென்று, பரிகாரம் தேடாமலும் கவலையும் புலம்பலும் இன்றியும் எல்லாத் துன்பங்களையும் தாங்குவதே திதிக்ஷை என்ற கருத்தை முன்வைக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு நாகபுரியில் தமிழ் அன்பர்களுக்காக நடந்த ஒரு வகுப்பிற்கு இந்நூலின் சில பகுதிகளை நான் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். 'பரிகாரம் தேடாமல்' என்று எழுதியபோது எனக்கு எந்தத் தயக்கமும் ஏற்படவில்லை. மூலத்தில் 'அப்ரதீகாரம்' என்ற சொல் இருக்கிறது. அதற்குத் தமிழில் அதுதான் பொருள். தத்துவம் படித்தவனுக்குச் சொல் சரியாக அமைந்துவிட்டால் போதும், நிம்மதி வந்துவிடும்!

அந்த வகுப்பிற்குத் தவறாமல் வந்தவர்களுள் ஓர் அம்மையார், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பின்னாளில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோதெரபி எட்டுச் சுற்றுகள், மூன்று வாரங்களுக்கு ஒரு முறை என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். முதல் நான்கு சுற்றுகளில் சிவப்பு நிறமுள்ள ஒரு மருந்தும் அதனுடன் வேறொன்றும் நரம்பு வழியாக ஏற்றப்பட்டன. இரண்டாம் சுற்று முடிந்து பத்தாம் நாள் இரவு, அவருக்குக் காய்ச்சல் வந்தது. 101 டிகிரி இருந்ததைத் தாமே பார்த்திருக்கிறார். அடுத்த அறையில் மகனும் மருமகளும் உறங்கிக் கொண்டிருந்தனர். அவர்களை எழுப்பவில்லை. ஜபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து அமர்ந்துவிட்டார். விடியற்காலையில் மருமகள் வந்து பார்த்தபோது நினைவு தடுமாறிக் கிடந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாட்கள் இருந்து, இறையருளால் பிழைத்து வந்தார்.

நான் சென்று பார்த்தபோது அவர் சொன்னது இதுதான்: "வகுப்பிலே சொன்னபடி இருந்து பார்த்தேன் சுவாமிஜி. என்னால் கடைசி வரை தாங்க முடியவில்லை."

தாம் தோற்றுவிட்டதாக அவர் வருந்தினார்! தோற்றவர் அவரல்லர். மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லை அது பிறந்த இடத்திலிருந்து பிடுங்கி வேறோர் இடத்தில் நட்டுவிட்டான். அன்று பேச முடியாததை இங்கே பேச விரும்புகிறேன்.

முதலில், அந்தக் காய்ச்சல் என்ன என்பதைப் புரிந்துகொள்வோம். விரைந்து பெருகுவது புற்றுநோய் அணுக்களின் இயல்பு. கீமோதெரபி மருந்துகளில் பல, விரைந்து பெருகும் அணுக்களையே தாக்குகின்றன. ஆனால் அவற்றிற்குப் பகைவன் யார், நண்பன் யார் என்று முழுமையாகப் பிரித்தறியத் தெரியாது. முடியின் வேர், வாய் மற்றும் குடலின் உட்பூச்சு, எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களிலும் அணுக்கள் விரைந்து பெருகுகின்றன. எனவே முடி உதிர்கிறது, வாயில் புண் தோன்றுகிறது, இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைகின்றன. மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையிலான காலத்தில்தான் பெரும்பாலும் அவை மிகவும் தாழ்ந்த நிலையில் இருக்கும். அப்போது சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் இரத்தம் முழுவதும் பரவிவிடலாம். அதனால்தான் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே, இரவோ பகலோ, உடனடியாக மருத்துவமனைக்கு வரவேண்டும் என்கிறார்கள். வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு 'காலையில் பார்க்கலாம்' என்று படுப்பதும் ஆபத்து. காய்ச்சல் தணிந்ததுபோல் தோன்றும், கிருமி தணிந்திருக்காது.

இந்த இடத்தில் திதிக்ஷைக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை.

அப்படியானால் 'அப்ரதீகாரம்' என்ற சொல்லை என்ன செய்வது? அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். அனைத்தையும் துறந்து ஆத்ம விசாரம் ஒன்றையே மேற்கொண்ட சாதகன், வெயிலடித்தால் நிழலையும் குளிரடித்தால் போர்வையையும் தேடி ஓடிக்கொண்டே இருந்தால் விசாரம் நடைபெறாது. அவனுக்காகச் சொல்லப்பட்ட சொல் அது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருகின்ற கவலையின்மை, புலம்பலின்மை ஆகிய இரண்டில்தான் திதிக்ஷையின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. பரிகாரம் தேடாமல் இருந்துகொண்டு உள்ளுக்குள் இரவெல்லாம் அஞ்சிக் கொண்டிருப்பவனிடம் திதிக்ஷை இல்லை. மருந்தை உண்டுவிட்டு, நடப்பதை அமைதியுடன் ஏற்பவனிடம் அது இருக்கிறது. கீதையில் பகவான் அர்ஜுனனிடம் பொறுத்துக்கொள் என்று சொன்னதும் அவன் தேர்த்தட்டில் அமர்ந்தே இருப்பதற்காக அல்ல, எழுந்து தன் கடமையைச் செய்வதற்காக. நோயாளியின் கடமை என்ன?

இதற்கு விடையளிக்க நவீன மருத்துவ நூல் தேவையில்லை. மருத்துவன், மருந்து, அருகிருந்து காப்பவன், நோயாளி என்று சிகிச்சைக்கு நான்கு கால்களைச் சரகர் வகுக்கிறார். திருவள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் நிறைவில் ஏறக்குறைய இதே நான்கைக் கூறுகிறார். ஒவ்வொரு காலுக்கும் உரிய குணங்களைச் சரகர் எண்ணிச் சொல்கிறார். நோயாளிக்கு உரியவை: நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் நோயை எடுத்துரைக்கும் திறன். இந்த நான்காவது குணத்தை நாம் மறந்துவிட்டோம். வலியைச் சொல்லாமல் இருப்பதைப் பெருமையாக நினைக்கிறோம், அதிலும் நம் தாய்மார்கள்! சரகரின் கணக்கில் சொல்லாத நோயாளி நாற்காலியின் ஒரு காலை ஒடித்தவர்.

1885-இல் ஸ்ரீராமகிருஷ்ணருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டு, டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் சிகிச்சை அளித்து வந்தபோது, இருமலையும் உபாதையையும் குருதேவர் அவரிடம் குழந்தையைப் போலச் சொன்னார். ரமண மகரிஷி 1949-இல் கையில் தோன்றிய கட்டிக்கு நான்கு முறை அறுவை செய்ய மருத்துவர்களை அனுமதித்தார். உடல் தாம் அல்ல என்பதில் இவர்களுக்கு நம்மைவிடத் தெளிவு குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வாந்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும், ஏனெனில் அதில் ஒரு வேதாந்தப் பாடம் அடங்கியிருக்கிறது. மருந்து ஏறிய அன்றும் அடுத்த நான்கைந்து நாட்களும் குமட்டல் வருவது உண்டு. அதைத் தடுக்க இன்று நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. ஒன்று போதாவிட்டால் வேறொன்றைச் சேர்க்கிறார்கள். ஆனால் போதவில்லை என்று நோயாளி சொன்னால்தானே சேர்ப்பார்கள்? முதல் சுற்றுகளில் வாந்தியைக் கட்டுப்படுத்தாமல் விட்டால், பிறகு மருந்து ஏறுவதற்கு முன்பே, மருத்துவமனையின் வாசலைப் பார்த்ததுமே, அந்த வாசனை மூக்கில் பட்டதுமே சிலருக்கு வாந்தி வருகிறது. உடலில் ஒரு துளி மருந்தும் இல்லை, ஆயினும் உடல் வாந்தி எடுக்கிறது! சம்ஸ்காரம் என்று நாம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? அனுபவம் ஒரு தடத்தைப் பதிக்கிறது, தடம் மீண்டும் அனுபவத்தைப் பிறப்பிக்கிறது. பதிந்த பிறகு அழிப்பது கடினம், பதியாமல் தடுப்பது எளிது. சொல்லாமல் தாங்கிய துன்பம் தவமாக மாறும் என்று நினைக்கிறோம். இங்கே அது தழும்பாக மாறுகிறது.

வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட விழுங்க முடியாமை, நிற்காத வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல், இரத்தக் கசிவு ஆகியவற்றையும் அவ்வாறே உடனே சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளால் விரல் நுனிகள் மரத்துப் போகின்றன. பொத்தான் போட முடியவில்லை, கோலம் போட முடியவில்லை என்பதை 'வயதாகிவிட்டது' என்று தள்ளிவிடக் கூடாது. முன்னதாகத் தெரிந்தால் மருத்துவர் அளவை மாற்றுவார். தாமதமானால் அந்த மரப்பு நீண்ட காலம் நீடிக்கக்கூடும்.

விரதத்தைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். ஏகாதசியன்று நீரும் அருந்தாமல் இருந்தவர்கள் இப்போது என்ன செய்வது? கீமோ மருந்துகளில் ஒன்று சிறுநீர்ப்பையை அரிக்கும். அதற்காகவே நிறைய நீர் அருந்தச் சொல்கிறார்கள். விரதத்தைக் கெடுக்காதவை என்று நம் மரபு எண்ணும் எட்டில் நீர், பால், பழம், மருந்து, குருவின் சொல் ஆகியவை இடம்பெறுகின்றன. எனவே நீரை அருந்துங்கள், மருந்தை உண்ணுங்கள். குருவின் சொல்லும் வேண்டும் என்பவர்கள் உங்கள் குருவிடம் கேளுங்கள், அவர் வேறு விதமாகச் சொல்லப் போவதில்லை. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் திருவிழாக் கூட்டமும், பலர் கைபட்ட தீர்த்தமும் வேண்டாம். இறைவன் கர்ப்பக்கிருகத்தில் மட்டும் இருப்பதாக நாம் ஒருபோதும் உபதேசித்ததில்லை.

இவை போக மிஞ்சுவது எது? ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு, இரும்பைக் கடித்தது போன்ற நாக்கு, தலையணையில் கொத்தாகக் கிடக்கும் முடி, அடுத்த பரிசோதனை வரையிலான காத்திருப்பு. இவற்றில் பலவற்றை மருத்துவர் ஓரளவே குறைக்க முடியும். திதிக்ஷை வந்து நிற்க வேண்டிய இடம் இதுதான். இதுவே போதுமான அளவு கடினமானது. இதற்காகச் சேமிக்க வேண்டிய பலத்தைக் காய்ச்சலை மறைப்பதில் செலவழிப்பது என்ன விவேகம்?

ஜபம் செய்யவும் முடியவில்லை, எண்ணிக்கை தவறுகிறது, மனம் பஞ்சு போலாகிவிட்டது என்று அம்மையார் கண்ணீர் விட்டார். இது பக்திக் குறைவன்று. இந்தச் சிகிச்சையின்போது நினைவும் கவனமும் மங்குவது பலருக்கும் நேர்வது. மாலையை வைத்துவிட்டு, மூச்சு ஒன்றுக்கு ஒரு நாமம் போதும் என்றேன். அதுவும் முடியாத நாளில் பேத்தி சொல்லட்டும், கேட்டுக் கொண்டிருங்கள். எண்ணிக்கையை வைத்துக் கொள்ளும் பொறுப்பை இறைவனிடமே விட்டுவிடலாம், அவருக்குக் கணக்கு தவறாது.

நலம் விசாரிக்க வருகின்ற உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. 'எந்த ஜன்மத்துப் பாவமோ' என்று படுக்கையின் அருகில் நின்று சொல்லாதீர்கள். கர்மக் கோட்பாடு ஒருவன் தன்னைச் சீர்படுத்திக் கொள்வதற்கு உதவும் விளக்கு. அதை அடுத்தவர் முகத்தில் காட்டிக் கண்ணைக் கூசச் செய்வதற்கு நமக்கு யாரும் அதிகாரம் அளிக்கவில்லை. சும்மா வந்து, கைகளைக் கழுவிவிட்டு, காரமில்லாத கஞ்சி வைத்துக் கொடுத்து, வாய் கொப்புளிக்க உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெந்நீரை எடுத்து வைத்துவிட்டுப் போனால், சரகர் கூறிய மூன்றாவது காலாக ஆகிவிடுவீர்கள்.

அம்மையார் எட்டுச் சுற்றுகளையும் நிறைவு செய்தார். ஐந்தாம் சுற்றின்போது நான் மறுபடியும் சென்றிருந்தேன். தலையில் முண்டாசு இல்லை. என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, "இப்போது நாம் இருவரும் ஒரே சங்கம்" என்று சிரித்தார். மேசையில் ஜபமாலைக்குப் பக்கத்தில் காய்ச்சல்மானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தன. நாள், வெப்பம், எத்தனை முறை வாந்தி, என்ன உண்டார் எல்லாம் ஆசிரியைக்கே உரிய முத்து முத்தான எழுத்தில்.

வகுப்புக் குறிப்பைத் திருத்தி, ஒரு விளக்கமும் சேர்த்து அவரிடம் காட்டினேன். சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் உபாதைகளை மருத்துவரிடம் கூறலாம், அது திதிக்ஷைக்கு முரணாகாது என்று எழுதியிருந்தேன். மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு நோட்டுப் புத்தகத்திலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, 'கூறலாம்' என்பதை அடித்துவிட்டு, 'கூற வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார்.