கண்ணீர் வருமுன் கொடுப்பது

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை பல கரைகளில் வந்தது, அழித்தது, திரும்பியது. தெற்கு அந்தமானின் பெரார்கஞ்ச் பகுதியில் தாழ்ந்த நிலங்களுக்கு நேர்ந்தது வேறு. அன்று காலை 6.29 மணியளவில் சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய நிலப்பிளவு, வடக்கு நோக்கி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்டு அந்தமான் வரை வந்தது. வடக்கு அந்தமான் சற்று மேலெழுந்தது. தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. கழிமுகங்களை ஒட்டிய வயல்களுக்குள் புகுந்த உப்புநீர், அலை ஓய்ந்த பின்னும் ஒவ்வோர் ஓதத்தின்போதும் மீண்டும் வந்தது. வங்கம், தமிழகம், கேரளம், ஆந்திரம் எனப் பல நிலங்களிலிருந்து குடியேறிக் காட்டைத் திருத்தி நெல் விளைவித்த குடும்பங்களுக்கு, வரப்பும் வாய்க்காலும் கடலின் பகுதியாகிவிட்டன.

இத்தகைய வயலை இழந்த ஒரு விவசாயியும் அரசுக்கு வரி செலுத்துகிறார். அவர் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் கூட அந்த வரி இருக்கிறது. அந்தப் பொதுப்பணத்திலிருந்து இந்திய அரசு ஏறத்தாழ 125 கோடி ரூபாய் செலவிட்டு, ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையத்தை அமைத்தது. அது 2007 அக்டோபரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2011 அக்டோபர் முதல் அம்மையம் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் மையங்களோடு சேர்ந்து இந்துமாக்கடல் நாடுகள் பலவற்றுக்கும் எச்சரிக்கை வழங்கி வருகிறது. 2019-இல் இந்தியாவின் முன்முயற்சியால் தொடங்கப்பட்ட பேரிடர் தாங்கும் உட்கட்டமைப்புக்கான கூட்டணிக்கு, ஐந்தாண்டுகளுக்கென 480 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. பிற நாடுகளின் சாலையும் மின்கம்பமும் மருத்துவமனையும் புயலில் சாயாதிருக்க வழி காண்பது அதன் பணிகளுள் ஒன்று.

என் வயலுக்குக் கரை கட்டித் தராமல் எங்கோ உள்ள தீவுக்குப் பணம் தருவது எந்த நியாயம் என்று அந்த விவசாயி கேட்டால், அதைத் தன்னலம் என்று ஒதுக்கிவிட முடியாது. உலகமே ஒரு குடும்பம் என்று கூறி அவர் வாயை அடைப்பது மிக எளிது. அது பதில் ஆகாது.

கொடை பற்றி இந்நாட்டில் நெடுங்காலமாகவே நுட்பமாகச் சிந்தித்திருக்கிறார்கள். கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரித்து, இடமும் காலமும் பெறுபவரின் தகுதியும் அறிந்து, கைம்மாறு கருதாமல் கொடுப்பதையே உயர்ந்ததாக வைக்கிறது. இவற்றுள் இடத்தையும் தகுதியையும் பற்றி உரைகளில் நிறையக் கேட்கிறோம். காலத்தைப் பற்றிக் கேட்பது குறைவு. கொடுக்கத் தக்க காலம் எது? பசித்தவன் கை நீட்டும் பொழுது என்று உடனே தோன்றும். பசிக்கு அது பொருந்தும். கடலுக்குப் பொருந்துமா?

2004-இன் அந்தக் காலையை எண்ணிப் பார்க்கலாம். நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ 15 நிமிடங்களில் ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் எச்சரிக்கை மையம் அதைக் கண்டறிந்து தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. அந்த மையத்தின் கண்காணிப்புக்குப் பின்னால் சிலியில் 1960-இலும் அலாஸ்காவில் 1964-இலும் நேர்ந்த பேரழிவுகள் இருந்தன. அவற்றுக்குப் பிறகு 1965-இல் பசிபிக் நாடுகள் ஒன்றுகூடிச் செலவைப் பகிர்ந்து அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டன. இந்துமாக்கடலில் அப்படி ஒன்றும் இல்லை. அரிதாக வரும் ஒன்றுக்கு இவ்வளவு செலவா என்ற எண்ணமே காரணம். நிலநடுக்கத்துக்கும் நாகப்பட்டினம், சென்னைக் கரைகளை அலை தொட்டதற்கும் இடையே சுமார் இரண்டு மணி நேரம் இருந்தது. ஓர் ஊர் முழுவதும் நடந்தே மேட்டுக்குப் போய்ச் சேர அந்த நேரம் போதும். தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டனர். இந்துமாக்கடல் நாடுகள் அனைத்திலுமாக ஏறத்தாழ 2,30,000 பேர்.

அதன் பின் உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்த அரிசியும் துணியும் பணமும் எவரும் மறக்கக் கூடியவை அல்ல. இந்தியக் கடற்படைக் கப்பல்களும் தம் நாட்டுக் கரையே சிதைந்து கிடந்தபோதும் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் விரைந்தன. அந்தக் கருணையில் குறையேதும் இல்லை. ஆயினும் அது மாண்டவர்க்கு உதவவில்லை. இவ்வகைத் துன்பத்தில் கொடைக்குரிய காலம், துன்பம் வருவதற்கு முன்பே கடந்துவிடுகிறது. கடலுக்குக் காலமறிந்து கொடுப்பதென்றால், யாரும் கை நீட்டாதபோது கொடுப்பதுதான்.

அது எவ்வளவு அரிதாக நடக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2010 முதல் 2019 வரை பேரிடர் தொடர்பாக நாடுகள் வழங்கிய பன்னாட்டு உதவி ஏறத்தாழ 13,300 கோடி அமெரிக்க டாலர் என்று ஐக்கிய நாடுகளின் பேரிடர் குறைப்பு அலுவலகம் கணக்கிட்டது. அதில் பேரிடர் வருமுன் காப்பதற்குச் சென்றது சுமார் 550 கோடி. நூற்றுக்கு நான்கு! மீதியெல்லாம் பெரும்பாலும் நிவாரணம். இதில் அரசுகளை மட்டும் குறை கூறுவது முறையன்று. அமெரிக்கத் தேர்தல்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, நிவாரணம் வழங்கிய ஆட்சிக்கு மக்கள் வாக்களித்து நன்றி காட்டினர் என்றும், முன்னேற்பாட்டுக்குச் செலவிட்ட ஆட்சியை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை என்றும் காட்டியது. வெள்ளத்தில் தத்தளிப்பவனுக்கு நீளும் கை புகைப்படத்தில் விழும். வெள்ளம் புகாத வீட்டை யார் படம் எடுப்பார்கள்?

ஜப்பானில் ஹமாகுச்சி கோர்யோ என்றொரு வணிகர் இருந்தார். 1854-இல் ஹிரோ என்னும் கடலோரக் கிராமத்தில் நிலம் நடுங்கிக் கடல் பொங்கியபோது, இருட்டில் வழி தெரியாமல் தவித்த மக்களுக்கு மேட்டு நிலத்தைக் காட்டத் தம் நெற்போர்களுக்குத் தீ வைத்தார். அந்த ஒளியை நோக்கி ஓடிப் பலர் பிழைத்தனர். அந்தக் கதை பாடநூல் வரை சென்றது. ஆண்டுதோறும் நவம்பர் 5 உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அமைந்ததும் அதனால்தான். அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவு பேசப்படுவதில்லை. வாழ்விழந்த ஊராருக்குக் கூலி கொடுத்து, தம் சொந்தப் பணத்தில் நான்காண்டுகள் உழைத்து, கடலோரத்தில் ஒரு பெரிய மண்கரை எழுப்பினார். 1885-இல் அவர் காலமானார். அந்தக் கரை எதற்காக எழுப்பப்பட்டதோ அந்த அலை 1946-இல்தான் வந்தது. அன்று கிராமத்தின் பெரும் பகுதியைக் கரை காத்தது.

ஆனால் ஹமாகுச்சி எரித்தது தம் நெல்லை. அரசு எரிப்பது பிறர் நெல்லை. தனிமனிதர் தம் பொருளைக் கணக்குப் பாராமல் கொடுக்கலாம். அறங்காவலர் அப்படிக் கொடுக்க முடியாது. அரசின் கருவூலம் ஆட்சியாளரின் மடியில் உள்ள பணம் அன்று. எனவே பெரார்கஞ்ச் விவசாயியின் கேள்விக்குக் கொடையின் பெருமையைக் கூறி மட்டும் விடை சொல்லிவிட முடியாது.

விடை வேறொரு பழைய வழக்கத்தில் இருக்கிறது. தமிழகத்து ஏரிகள் பல சங்கிலித் தொடராக அமைந்தவை. மேலேரி நிரம்பிக் கலங்கல் வழிந்து கீழேரிக்கு வரும். மேலூர்க் கரை உடைந்தால் அந்த வெள்ளம் கீழூர்க் கரையையும் உடைக்கும். மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து கரையைப் பலப்படுத்துவதற்குக் குடிமராமத்து என்று பெயர். அதைத் தானம் என்று யாரும் சொன்னதில்லை. அது முறை. வராதவர் ஊருக்குக் கடன்பட்டவர்.

இந்துமாக்கடல் அப்படி ஓர் ஏரித் தொடர். அந்தமானைத் தாழ்த்திய பிளவு சுமத்ராவுக்கு அருகே தொடங்கியது. எனவே அந்தமான் மக்களைக் காக்க வேண்டிய கருவி இந்தோனேசியக் கடலோரத்தில் பழுதின்றி இருக்க வேண்டும். அங்குள்ள அலைமானியின் அளவீடு ஹைதராபாத்துக்கு வருகிறது. ஹைதராபாத்தின் கணிப்பு ஆப்பிரிக்கக் கரை வரை செல்கிறது. இங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று கோடு கிழிப்பது கடினம். தாய்லாந்து 2005-இல், தன் காயம் ஆறுமுன்பே, இவ்வட்டார நாடுகளின் முன்னெச்சரிக்கைக்கென ஒரு கோடி அமெரிக்க டாலர் அளித்தது இந்த உணர்வினால்தான் எனலாம்.

இவ்வாதம் எல்லா இடத்துக்கும் எட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். பசிபிக்கின் சிறு தீவுகளையும் உள்ளடக்கி 2021-இல் தொடங்கப்பட்ட முயற்சியிலும் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. அத்தீவுகளின் கரை உடைந்தால் அந்த நீர் இங்கே வரப்போவதில்லை. அங்கே தருவது தானமே. அதற்கு அந்த விவசாயியின் சம்மதம் வேண்டும். அதை ஆணையாகப் பெற முடியாது. அவருடைய இழப்பு கணக்கில் எடுக்கப்பட்டு, அவர் நிலத்துக்குச் செய்ய வேண்டியது செய்யப்பட்ட பின்பே பெற முடியும். தன் குடிகளுள் ஒருவருக்குப் பட்ட கடனை நிலுவையில் வைத்துவிட்டு அயலாருக்கு வழங்குவது, எவ்வளவு அழகாக இருந்தாலும், தர்மக் கணக்கில் வரவாக ஏறாது. அயலாருக்கு வழங்கும் தொகையை வெட்டிவிடுவதாலும் அந்த நிலுவை தீர்ந்துவிடாது.

2012 ஏப்ரல் 11-ஆம் நாள் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் நேர்ந்தது. பத்து நிமிடங்களுக்குள் ஹைதராபாத் மையம் அறிக்கை வெளியிட்டது. அந்தமானிலும் தமிழகக் கரையிலும் மக்கள் உயரமான இடங்களுக்கு நகர்ந்தனர். வந்தது சிற்றலைதான்; மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது, வீடு திரும்பினார்கள். வீண் அலைச்சல் என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு.

இந்தோனேசியாவில் கதை வேறாக முடிந்தது. 2004-க்குப் பின் ஜெர்மனி, அமெரிக்கா, மலேசியா ஆகிய நாடுகளின் உதவியோடு அந்நாட்டுக் கடலில் எச்சரிக்கை மிதவைகள் மிதக்க விடப்பட்டன. 2018 செப்டம்பரில் சுலாவெசியின் பாலு நகரை அலை தாக்கிய பின், அந்நாட்டுப் பேரிடர் அமைப்பின் செய்தித் தொடர்பாளர் ஒன்றை வெளிப்படையாகக் கூறினார்: 22 மிதவைகளும் 2012 முதலே இயங்கவில்லை. சில சேதப்படுத்தப்பட்டன, சில திருடப்பட்டன, மற்றவற்றைப் பழுதுபார்க்க நிதி ஒதுக்கப்படவில்லை. பாலுவுக்கு அலை சில நிமிடங்களிலேயே வந்துவிட்டதால் மிதவைகள் இருந்தும் பெரிதாகப் பயன்பட்டிராது என்பதும் உண்மையே. ஆனாலும் கண்ணீரின் ஈரம் இருந்தவரை வந்த பணம், ஈரம் காய்ந்ததும் நின்றுபோனது. இந்திய மிதவைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. வலைகளும் படகுகளும் அவற்றைச் சேதப்படுத்துகின்றன; உப்பு அரிக்கிறது. ஆய்வுக் கப்பல் ஒன்று ஆழ்கடலுக்குச் சென்று அவற்றை எடுத்து, மின்கலத்தை மாற்றி, மறுபடி இறக்கிவிட்டு வர வேண்டியிருக்கிறது. அந்தக் கப்பலின் எரிபொருளுக்கான தொகை வரவுசெலவுத் திட்டத்தில் மிகச் சிறிய ஒரு வரி.