மருத்துவரின் நேர்மையைச் சோதித்து அறிய முடியுமா?

ஒரு மருத்துவர் நல்லவரா என்பதை வெளியார் வந்து சோதித்துச் சொல்ல முடியுமா என்பது அறவியலின் பழைய கேள்வியோடு சேர்ந்தது. செயல் கண்ணுக்குத் தெரியும். அதன் பின்னுள்ள எண்ணம் தெரியாது. இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட அறவியல் நூலில் இதற்கு ஒரு கடைக்காரரை எடுத்துக்காட்டினார். விவரம் தெரியாத சிறுபிள்ளையிடமும் அவர் சரியான விலையே வாங்குகிறார். அது கடமையுணர்வாலா, வியாபாரம் கெடும் என்ற கணக்காலா என்பதை விலையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களின் நிலையங்களை ஆய்வு செய்வோர் தம் வேலையில் சந்திப்பது இதே சிக்கலைத்தான்.

அங்கு அரசின் தேசிய சுகாதார சேவையில் மக்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது தம் பகுதியின் பொது மருத்துவரை. அவரை ஜி.பி. என்பது மக்கள் வழக்கு. அவர் எழுதித் தரும் மருந்து சரியானதா, அனுப்பாமல் விட்ட பரிசோதனை தேவைப்பட்டதா என்று எடைபோடும் அறிவு நோயாளியிடம் இல்லை. ஆகவே நோயாளி வைக்கும் நம்பிக்கை ஆராய்ந்து வைத்ததன்று. வேறு வழியின்றி வைத்தது.

அந்த நம்பிக்கை எவ்வளவு தவறான இடத்தில் இருக்கக்கூடும் என்பதை ஹரால்ட் ஷிப்மன் வழக்கு காட்டியது. மான்செஸ்டர் அருகே ஹைட் நகரில் தனியாக நிலையம் நடத்திய அவரை நோயாளிகள் பெரிதும் விரும்பினார்கள். அவருடைய நோயாளிகளில் இறப்போர் அதிகமாக இருப்பதாக 1998 மார்ச்சில் அண்டை நிலைய மருத்துவர் ஒருவர் மரண விசாரணை அதிகாரியிடம் தெரிவித்தார். காவல்துறை விசாரித்து, ஆதாரம் போதாது என்று கைவிட்டது. ஷிப்மன் கைதாவதற்குள் மேலும் மூவர் கொல்லப்பட்டனர். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்காக அவர் தண்டிக்கப்பட்டார். ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணைக் குழு, அவர் 215 பேரைக் கொன்றதாக 2002-இல் முடிவுக்கு வந்தது. நோயாளி இறந்த பின் அவருடைய மருத்துவக் குறிப்பில் இல்லாத நோயை முன்தேதியிட்டு எழுதிவைப்பது ஷிப்மனின் வழக்கம். உண்மையில் எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதைக் கணினி தனியே பதிந்து வைத்திருந்தது. நோயாளிகளின் அன்பும், ஒழுங்காகத் தோன்றும் ஏடும் நேர்மைக்குச் சான்றாகிவிடா என்பது இந்த வழக்கு கற்பித்த பாடம்.

இன்று அந்த நாட்டில் ஆய்வுப் பொறுப்பு கேர் குவாலிட்டி கமிஷன் என்ற ஆணையத்திடம் உள்ளது. 2009-இல் செயல்படத் தொடங்கிய அதன் கீழ், 2013 ஏப்ரல் முதல் ஜி.பி. நிலையங்களும் வந்தன. நிலையம் பாதுகாப்பானதா, சிகிச்சை பலன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, மக்களின் தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நிர்வாகம் சரியா என்று ஐந்து கேள்விகளை ஆணையம் கேட்கிறது. அவற்றைக் கொண்டு, மிகச் சிறப்பு முதல் போதாது வரை நான்கு தரங்களில் ஒன்றை வழங்குகிறது.

ஆய்வாளர் எண்ணத்தைத் தேடுவதில்லை. எண்ணம் விட்டுச்செல்லும் தடத்தைத் தேடுகிறார். தடுப்பூசிக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்த அளவைப் பணியாளர் நாள்தோறும் குறித்துவைக்க வேண்டும். ஒரு மாதப் பக்கம் முழுவதும் ஒரே எண்ணாக, ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால், விடுமுறை நாளுக்குக்கூடக் குறிப்பு இருந்தால், அந்தத் தாள் குளிர்பெட்டியைவிட நிலையத்தின் பழக்கத்தைப் பற்றியே அதிகம் சொல்லும். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் இன்னொரு சான்று. வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ள வேண்டிய இம்மருந்து இரத்த அணுக்களையும் கல்லீரலையும் பாதிக்கலாம். இரத்தப் பரிசோதனை முடிவைப் பாராமல் மருந்துச்சீட்டு புதுப்பிக்கப்படுகிறதா என்று பார்த்தால் போதும். ஆளில்லாத நேரத்திலும் நோயாளியை நினைக்கிறார்களா என்பது விளங்கிவிடும். அக்கறை என்பது இத்தகைய சிறு வேலைகளைத் தவறாமல் செய்வதுதான்.

இத்தகைய ஆய்வுக்கு வலுவான மறுப்பும் உண்டு. தத்துவ அறிஞர் ஒனோரா ஓ'நீல் 2002-இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளில், கணக்குக் காட்டும் கட்டாயம் மிகும்போது தொழிலின் உண்மையான நோக்கம் சிதையும் என்று எச்சரித்தார். அளவுகோலுக்காக வேலை செய்பவர் நோயாளிக்குத் தர வேண்டிய நேரத்தைப் படிவத்துக்குத் தருவார். ஆனால் ஓ'நீல் ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. தகுதியுள்ளவரை நம்பவும் தகுதியற்றவரை நம்பாதிருக்கவும் உதவும் அறிவார்ந்த பொறுப்புடைமையையே வேண்டினார். ஆய்வு செய்வோருக்கும் இது பொருந்தும். ஆணையத்தின் ஆய்வுகள் குறைந்துவிட்டன, துறையறிவு தேய்ந்துவிட்டது, பல தரமதிப்பீடுகள் பழையவை என்று, ஆணையத்தை மறுஆய்வு செய்த பென்னி டாஷ் 2024-இல் அளித்த அறிக்கை கண்டறிந்தது. பழைய தரச்சான்று நோயாளிக்குப் பொய்யான நிம்மதியைத் தருகிறது.

திருக்குறள் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரத்தையே ஆராய்ந்து நம்புவதற்கு ஒதுக்கியுள்ளது. ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியவரைப் பின்னர் சந்தேகிப்பதையும் அது ஒருசேரக் கண்டிக்கிறது. சோதனைக்கு ஓர் இடமும் நம்பிக்கைக்கு ஓர் இடமும் உண்டு. ஒன்று மற்றதன் இடத்தைப் பிடிக்கலாகாது. நோயாளியால் செய்ய முடியாத ஆராய்ச்சியை அவர் சார்பில் செய்வதே ஆய்வின் அறநியாயம். அதனால் அது மருத்துவருக்கு இழைக்கும் அவமதிப்பு ஆகாது.

ஆய்வின் எல்லையும் இங்கேயே தெளிவாகிறது. காண்ட் சொன்ன உள்நோக்கம் அதற்கு எட்டாது. தன் தடத்தை அழிக்கத் துணிந்த ஒருவரை அது உடனே பிடிக்கும் என்று உறுதி சொல்லவும் முடியாது. தவறு நேர்ந்தால் நோயாளியிடம் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற சட்டக் கடமை 2015 முதல் ஜி.பி. நிலையங்களுக்கும் உண்டு. ஆனால் யாரும் அறியாத தவறைத் தானே முன்வந்து சொல்வதற்கு மனசாட்சி வேண்டும். தரம் தாழ்ந்து போகாமல் காப்பது ஆய்வின் கடமை. அதற்கு மேலுள்ள நன்மை மருத்துவரின் கடமை. முன்னது இருக்கிறது என்பதற்காகப் பின்னதும் இருப்பதாகக் கொள்வது பிழை. பின்னதை அளக்க முடியாது என்பதற்காக முன்னதைக் கைவிடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.