உலையில் இன்னொரு பிடி

இந்நேரம் உங்களில் பாதிப் பேர் வீட்டு அடுப்பில் குக்கர் ஏறியிருக்கும். அரிசி களைகிற இந்த வேளையில் நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. அளந்த அரிசியில் தண்ணீர் படுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கிற கலயத்தில் போட்டுவிடுவார்கள். வண்டு வராமலிருக்க உள்ளே நாலைந்து மிளகாய் வற்றல் கிடக்கும். மாதக் கடைசியில் ஊர்க்காரர் யாராவது சாக்கோடு வந்து வாங்கிப் போவார்கள். பிடி அரிசி என்று பெயர். காஞ்சி மகாபெரியவர் இதை ஒரு திட்டமாகவே ஊர் ஊராகச் சொல்லி வந்தார். தேவாலயங்களில் பெண்கள் கைப்பிடி அரிசியைக் காணிக்கையாகச் சேர்ப்பதும் உண்டு.

இதில் எனக்குப் பிடித்தது, எடுக்கிற நேரம்தான். வீட்டார் சாப்பிட்டு மிஞ்சியதை எடுத்துக் கொடுப்பதில்லை. சோறு ஆகும் முன்பே அடுத்தவர் பங்கு தனியே போய்விடுகிறது. ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தால், மாதத்துக்கு ஒரு வீட்டில் ஒன்றரைக் கிலோ, 100 வீட்டில் 150 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் போட்டாலும் பன்னிரண்டு பேருக்கு மாதம் முழுக்கச் சோறு. ஒரு தொல்லை உண்டு. ஒரு வீட்டில் பொன்னி, இன்னொரு வீட்டில் இட்லி அரிசி, மூன்றாவது வீட்டில் பச்சரிசி. எல்லாம் ஒன்றாகக் கலந்ததை உலையில் போட்டால் பாதி குழையும், பாதி விறைக்கும். விவரமானவர்கள் அதை மாவாக அரைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் கஞ்சிக்கு வைத்துக்கொள்வார்கள்.

ஊரே கூடிப் பசியாற்றுவது நமக்குப் புதிதில்லை. வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தருமசாலையைத் தொடங்கினார். அதற்குப் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அரிசியும் காய்கறியும் இப்போதும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. வருகிறவரிடம் என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்பதில்லை. காமராசர் காலத்து மதிய உணவும் முதலில் ஊரார் கொடுத்த தானியத்தில்தான் நடந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர்ப் பெரியவர்களையும் ஆசிரியர்களையும் கொண்டு அதை நடத்திக் காட்டினார். அரசின் பணம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்தப் பகுதியை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டு, தலைவர் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, இன்றைக்குப் பசி எங்கே இருக்கிறது? பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சோறு இருக்கிறது. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. ரேஷனில் அரிசிக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் உங்கள் தெருவிலேயே பாருங்கள். பிள்ளைகள் வெளியூரில். தனியாக ஒரு பாட்டி. டப்பா நிறைய ரேஷன் அரிசி இருக்கும். கை நடுக்கத்தில் கேஸ் பற்றவைக்கப் பயம். பன்னும் டீயுமாகப் பொழுதை ஓட்டுவார். கேட்டால், "இப்பதாம்மா சாப்பிட்டேன்" என்பார். அவர் வீட்டில் அரிசி இருக்கிறது, ஆக்கிப்போட ஆள் இல்லை.

அப்படியானால் அந்த ஒரு பிடியைக் கலயத்தில் போடாமல் நம் உலையிலேயே கூடுதலாகப் போட்டால் என்ன? ஏழு வீடு சேர்ந்தால் போதும். ஆளுக்கு ஒரு கிழமை. திங்கள் இந்த வீட்டுத் தூக்கு, செவ்வாய் அந்த வீட்டுத் தூக்கு. சங்கம் வேண்டாம், ரசீதுப் புத்தகம் வேண்டாம், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம். காய்க்குப் பக்கத்து உழவர் சந்தை இருக்கிறது. கடை கட்டும் நேரத்தில் போனால், திரும்பச் சுமந்து போக மனமில்லாத விவசாயி கீரைக்கட்டை மலிவாகவே தருவார். அதற்காக அடிமாட்டு விலைக்குக் கேட்கக் கூடாது. ஒருவர் பசியைத் தீர்க்கிறேன் என்று இன்னொருவர் வயிற்றில் அடிப்பதா?

ரோஷக்காரர்கள் சும்மா வாங்கிச் சாப்பிட மாட்டார்கள். அவர்களிடம் கீரை ஆய்ந்து தரச் சொல்லுங்கள். பூண்டு உரிக்கக் கொடுங்கள். பள்ளி விட்டு வருகிற பிள்ளையை அரைமணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தூக்கைத் திருப்பித் தரும்போது உள்ளே நாலு கறிவேப்பிலைக் கொத்தாவது இருக்கும், பாருங்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருகிற வழக்கம் அந்தத் தலைமுறைக்குக் கிடையாது. வாங்கிக்கொள்ளுங்கள், "எதுக்குப் பாட்டி இதெல்லாம்" என்று மறுத்துவிடாதீர்கள்.

தொடங்குமுன் இரண்டு கேள்வி மட்டும் கேட்டுவிடுங்கள்: சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் மாத்திரை உண்டா என்று. பல் இல்லாதவருக்குச் சோறு இரண்டு விசில் கூடுதலாக வேக வேண்டும். காரத்தைக் குறையுங்கள். ரசம் மட்டும் தெளிவாக, சூடாகப் போகட்டும்.