கொசுறு யாருடையது?

சந்தையில் காய்கறி வாங்கி முடித்தபின், கடைக்காரர் ஒரு பிடி கறிவேப்பிலையையோ கொத்தமல்லியையோ நம் பையில் போட்டு விடுகிறார். அதற்குக் கொசுறு என்று பெயர். பாகலூரில் வாழும் நமக்கு இது அன்றாட அனுபவம். அந்தக் கொசுறு எங்கிருந்து வந்தது என்று எவரும் ஆராய்ந்ததில்லை. ஆராய வேண்டிய தேவையும் இல்லை. கடைக்காரரின் கூடையிலிருந்து, நம் கண்ணெதிரிலேயே, அவர் மனமுவந்து எடுத்துக் கொடுத்தது அது.

அண்மைக் காலத்தில் வேறொரு கொசுறு நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது. மின்கட்டணம், சமையல் எரிவாயு, கைபேசிக் கட்டணம், பிள்ளைகளின் பள்ளி வாகனக் கட்டணம், மளிகைச் செலவு ஆகியவற்றைக் கையிலுள்ள பணத்தால் கட்டாமல் கிரெடிட் கார்டு வழியாகக் கட்டினால் வெகுமதிப் புள்ளிகள் கிடைக்கின்றன. நாமும் மூன்றாண்டுகளாக அவ்வாறே கட்டி வந்தோம். மாதம் ஏறத்தாழ 12,000 ரூபாய். நூறு ரூபாய்க்கு நான்கு புள்ளிகள். ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசு. ஆக, மாதம் 120 ரூபாய், ஆண்டுக்கு 1,440 ரூபாய். கெடு நாளுக்கு முன்பே முழுத்தொகையையும் தவறாமல் செலுத்தி விடுவோம். ஒரு காசு வட்டி கொடுத்ததில்லை. வட்டிக்கடையின் வாசலில் நின்று கொண்டே வட்டியைத் தொடாமல் திரும்பும் சாமர்த்தியம் நமக்கு இருக்கிறது என்று உள்ளூரச் சிறிது பெருமையும் கொண்டிருந்தோம்.

அந்தப் பெருமை கலைந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

நம் தெருவிலேயே ஓர் இளைஞர் வாடகைக்குக் குடியிருக்கிறார். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர். ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஓசூரிலும் அதைச் சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருகிய நாள் முதலாக இவரைப் போன்ற பல்லாயிரவரைக் கண்டு வருகிறோம். நாம் புள்ளிகள் சேர்ப்பதைக் கேள்வியுற்று, தமக்கும் அத்தகைய அட்டை கிடைக்குமா என்று வினவினார். நம் கைபேசியிலிருந்தே அவருக்கு அறிமுகம் அனுப்பி வைத்தோம். அவருக்கு அட்டை வந்தது. அறிமுகம் செய்ததற்காக நம் கணக்கில் 500 புள்ளிகள் ஏறின.

ஓராண்டு சென்றது. தொழிற்சாலையில் மிகைநேர வேலை நின்று போயிற்று. அதே மாதங்களில் அவருடைய தந்தைக்கு மருத்துவச் செலவும் வந்து சேர்ந்தது. அட்டையில் நிலுவை 40,000 ரூபாயாயிற்று. வங்கி அனுப்பும் கணக்கில் 'குறைந்தபட்சத் தொகை' என்றொரு வரி உண்டு. நிலுவையில் நூற்றுக்கு ஐந்து. அதைக் கட்டினால் போதும் என்று அவர் எண்ணி, மாதந்தோறும் 2,000 ரூபாய் கட்டி வந்தார். பல மாதங்களுக்குப் பின் ஒரு நாள் அந்தக் கணக்குத் தாளை நம்மிடம் நீட்டி, "கட்டிக்கிட்டேதான் இருக்கேன் பாய், கடன் கொறையவே மாட்டேங்குது" என்றார்.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். 40,000 ரூபாய்க்கு மாதம் மூன்றரை விழுக்காடு என்றால் வட்டி 1,400 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 252 ரூபாய். அவர் கட்டும் 2,000 ரூபாயில் 1,652 ரூபாய் இவ்வாறே கரைந்து போகிறது. அசலில் கழிவது 348 ரூபாய். இது போதாதென்று, முழு நிலுவையும் தீராதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். நாம் அனுபவித்து வந்த வட்டியில்லா நாட்கள் அவருக்குக் கிடையா. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்று கணக்குத் தாளிலேயே எச்சரிக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2022இல் விதித்திருக்கிறது. எச்சரிக்கையும் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. அந்த வரி இவற்றுள் எதிலும் இல்லை.

நம் ஊர்களில் வட்டியை ஆண்டுக் கணக்கில் எவரும் சொல்வதில்லை. மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி, மூன்று ரூபாய் என்றால் மூன்று வட்டி. அந்தக் கணக்கில் இது மூன்றரை வட்டி. இன்னார் மூன்றரை வட்டிக்குப் பணம் விடுகிறார் என்று தெரிந்தால் அவர் வீட்டுத் திருமணத்தில் உண்பதற்கே நம்மில் பலர் தயங்குவோம். கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்ற கொடுமைகளைத் தடுக்கத் தமிழ்நாடு 2003இல் தனிச் சட்டமே இயற்றியது. அட்டை வட்டியின் கதை வேறு. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் பொறுப்பில் அடங்குவது, ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று கூறி, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. சட்டத்தின் நெறி அதுவாக இருக்கலாம். நம் மனச்சான்றுக்கு அத்தீர்ப்பு விடையாகாது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நமக்குக் கிடைத்த கொசுறு யாருடைய கூடையிலிருந்து வந்தது?

இரண்டு ஊற்றுகள் உள்ளன. ஒன்று, கடைக்காரர் ஒவ்வொரு அட்டை விற்பனைக்கும் வங்கிக்குத் தரும் கழிவு. மற்றொன்று, தவறியவர்கள் கட்டும் வட்டியும் தண்டமும். முதலாவதைப் பற்றி உலமாக்கள் பெரிதும் கடுமை காட்டவில்லை. அது ஒரு சேவைக்குரிய கூலி. ஆயினும் அதிலும் ஒரு நெருடல் உண்டு. ரொக்கத்துக்கும் அட்டைக்கும் ஒரே விலை வைக்கும் வணிகர், கழிவை எல்லாப் பொருள்களின் விலையிலும் சேர்த்தே வைப்பார். சில்லறையை எண்ணிக் கொடுத்து அரிசி வாங்கும் மூதாட்டியும் அதில் பங்கு செலுத்துகிறார். புள்ளி மட்டும் அவருக்கு இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மத்திய வங்கி 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைக் கணக்கிட்டது. ரொக்கம் தரும் குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சராசரி 149 டாலர் இழக்கிறது, அட்டை பயன்படுத்தும் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டாலர் பெறுகிறது என்பது அதன் முடிவு. நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் யூபிஐ வழிச் செலுத்துதலுக்குக் கழிவு இல்லாமையால் நிலைமை அவ்வளவு கூர்மையாக இல்லை எனலாம்.

இரண்டாவது ஊற்றுதான் நம்மை உறங்கவிடவில்லை. கெடுவுக்குள் முழுத்தொகையும் கட்டிவிடும் நம்மைப் போன்றவர்களை அமெரிக்க அட்டை வணிகர்கள் 'டெட்பீட்' என்று தங்களுக்குள் ஏளனமாகச் சொல்வார்களாம். கடனை ஏமாற்றுபவன் என்பதே அச்சொல்லின் பொருள்! ஒழுங்காகக் கட்டுபவன் அந்த வணிகத்துக்கு உதவாதவன். தவறுபவனே அதற்கு வேண்டியவன். ஆனால் தவறுபவனும் தொடக்கத்தில் நம்மைப் போலவே தவறமாட்டேன் என்ற உறுதியோடுதான் அட்டையை வாங்குகிறான். நம் நிம்மதியான முகம் அவனுக்கு விளம்பரமாகிறது. பாகலூர்த் தெருவில் நடந்தது அதுவே. அந்த இளைஞர் ஒரு மாதத்தில் வட்டியும் வரியுமாகக் கட்டிய 1,652 ரூபாய், நாம் ஓராண்டில் சேர்த்த கொசுறைவிட அதிகம்.

"நான் வட்டி கட்டவில்லையே, என் நிய்யத் தூய்மையானதுதானே?" என்று கேட்கும் சகோதரர்களை அறிவோம்; நாமே கேட்டவர்கள்தாம். தேவையிருந்து, கெடுவுக்குள் கட்டும் உறுதியும் இருந்தால் பயன்படுத்தலாம் என்று கருதும் இக்கால அறிஞர்களும் உண்டு. ஆயினும், இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சார்ந்த பன்னாட்டு ஃபிக்ஹ் கழகம் 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடியபோது, தாமதத்துக்கு வட்டி உண்டு என்னும் நிபந்தனை அடங்கிய கடன் அட்டையை, கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும், பெறுவது கூடாது என்று முடிவு செய்தது. வட்டி கட்ட நேராவிட்டாலும், நேர்ந்தால் கட்டுவேன் என்று கையொப்பம் இட்டிருக்கிறோம் அல்லவா? முன்பு இது நமக்கு வெறும் நுணுக்கவாதமாகத் தோன்றியது.

நம்மை அசைத்தது வேறொன்று. வட்டி உண்பவரையும் கொடுப்பவரையும் மட்டுமன்றி, அதை எழுதுபவரையும் அதற்குச் சாட்சி நிற்கும் இருவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. எழுத்தருக்கும் சாட்சிக்கும் அந்தப் பணத்தில் பங்கில்லை. அவர்கள் செய்ததெல்லாம் ஒரு காரியம் நடப்பதற்குத் துணை நின்றது. கைபேசியில் அறிமுகம் அனுப்பியவனை எந்த வரிசையில் வைப்பது? அவனுக்குப் பங்கும் கிடைத்ததே!

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட முடிவு செய்தோம். இரு மாதத்துக்கொரு முறை வரும் மின்கட்டணத்தைச் சேமிப்புக் கணக்கிலிருந்தே இப்போது கட்டுகிறோம். ஒரு சிரமமும் தெரியவில்லை. இதனால் வங்கிக்கு ஒரு குறையும் இல்லை, அந்த இளைஞருக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடன்பட்டவர் இடுக்கணில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரவேண்டும் என்பது அல்பகரா 280ஆம் வசனத்தின் கருத்து. வங்கியிடம் அதை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே நம்மால் இயன்ற தொகையை அவருக்குக் கைமாற்றாகக் கொடுத்தோம். மீதியை அவர் ஊரிலிருந்து புரட்டி அட்டைக் கடனை அடைத்தார். அதன்பின் நம்மைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடக்கத் தொடங்கினார். கடன்காரரைக் கண்ட கூச்சம். அவருக்கு நாம் வட்டிக்காரராக இல்லாவிட்டாலும் கடன் கொடுத்தவராகி விட்டோம்.

அட்டைக் கணக்கை முடிக்கும் முன் புள்ளிகளைத் தொகையாக்கிக் கொள்ளுமாறு வங்கியிலிருந்து செய்தி வந்தது. அவற்றுள் அந்த 500 புள்ளிகளும் இருக்கின்றன, ரூபாயில் 125. எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடலாமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டோம். "கொடுங்கள், எதற்கான பணம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்" என்றார். இரண்டு வாரமாகின்றன. இன்னும் சொல்லவில்லை.