பொத்தான் யாருக்காக?

பிறக்கப்போகும் குழந்தைக்குச் சட்டை பின்னி, அதற்கேற்ற பொத்தானைத் தேடி எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழும். இந்த அழகெல்லாம் யாருக்காக? பச்சைக் குழந்தைக்கு நிறங்களைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 'வேண்டாம்' என்று சொல்லவும் தெரியாது. மறுக்க முடியாதவருக்குக் கொடுக்கும்போதுதான் கொடுப்பவரின் உள்ளம் சோதனைக்கு உள்ளாகிறது.

1827-இல் புதுச்சேரிக்கு வந்த குளூனி கன்னியரின் பூத்தையல் இன்றும் பேர்பெற்றது. வில்லியனூர், பாகூர் கிராமத்துப் பாட்டிமார்களின் வழியோ வேறு. பாட்டனாரின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைப்பார்கள். பிள்ளை பிறக்குமுன் புதுத்துணி எடுக்க மாட்டார்கள். இது கஞ்சத்தனமல்ல. பலமுறை துவைத்த பருத்தி பூப்போல் மெத்தென்றிருக்கும். உள்ளே ஓர் அச்சமும் உண்டு. தொட்டில்கள் அடிக்கடி வெறுமையான காலம் விட்டுச்சென்ற அச்சம் அது.

கம்பளிச் சட்டை நம் சித்திரை வெயிலில் வேர்க்குருவைத்தான் வளர்க்கும். கழன்ற பொத்தான் வாய்க்குப் போய் மூச்சுக்குழலை அடைக்கும்.

அப்படியானால் பின்னுவதே வீணா? இல்லை. இன்னும் முகம் காணாத ஓர் உயிருக்காக மாதக்கணக்கில் உழைக்கும் கை, தவம் செய்கிற கை. அழகில் குற்றமில்லை, அதை முதலில் வைப்பதில்தான் குற்றம். குழந்தையின் சுகத்தை எண்ணிப் பிறகு பொத்தானைத் தேர்ந்தால் அது அன்பு. பொத்தானைத் தேர்ந்துவிட்டுக் குழந்தையை அதற்குள் திணித்தால் அது நம் ஆசை.

பிள்ளைகள் வளர்ந்தபின், அவர்கள் படிப்பிலும் திருமணத்திலும் நாம் செய்வது இவ்விரண்டில் எது?